வைபவமாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில்

வெள்ளி

நல்லூரில் கொடியேறிவிட்டதால் திருகோணமலையிலிருந்து வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வவுனியாவில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் உட்காரக் கிடைத்தது. ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் பையிலிருந்து யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்தேன். இந்தப் பயணத்துக்கு அதுதான் வழிகாட்டி. அது பேசும் இடங்களுக்கு அதையே தூக்கிக்கொண்டு போய், புலவர் ஏன் அப்படி எழுதினார் என்று அந்த அந்த இடத்தில் நின்று யோசிப்பதாக எண்ணம்.

மாதகல் மயில்வாகனப் புலவர் இதை எழுதியது 1736 அளவில். எழுதித் தரக் கேட்டவர் மேக்கறூன் என்னும் ஒல்லாந்த (டச்சு) அதிகாரி. யாழ்ப்பாண அரசு பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், விழுந்தது 1619இல். ஆக, கடைசி அரசன் போய் 117 ஆண்டுகள் கழிந்தபின், ஆளவந்த அந்நியர் ஒருவருக்காக எழுதப்பட்ட அரச வரலாறு இது. இதை மறந்துவிட்டுப் படித்தால் புராணம் படிக்கிறோம் என்றே தோன்றும். நினைவில் வைத்துப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் சுவை கூடுகிறது.

பிற்பகல் கோட்டைக்குப் போனேன். பறங்கியர் கட்டியதை 1658இல் பல மாத முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து முனைக் கோட்டையாகத் திரும்பக் கட்டினார்கள். மதிலில் ஏறினால் பண்ணைக் கடல் முழங்கால் அளவு தண்ணீராகப் பளபளக்கிறது. சோளகக் காற்றில் தொப்பி பறக்கிறது. இந்த மதிலுக்குள் இருந்த கந்தோர்களில்தான் ஊர் முழுவதும் தாளில் ஏற்றப்பட்டது. காணிகளுக்குத் தோம்பு என்ற பதிவேடு. வழக்கங்களுக்குத் தேசவழமை: 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததை உள்ளூர் அதிகாரிகளான பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். அடுத்த தலைமுறையில் வரலாறும் வேண்டுமென்று கேட்கப்பட்டதில் வியப்பில்லை. தோம்பில் பெயர் ஏறுவது எவ்வளவு முக்கியமோ, வரலாற்றில் ஏறுவதும் அவ்வளவு முக்கியம் என்று அந்த முதலியார் குடும்பங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சனி

தங்கியிருப்பது கொக்குவிலில் பெரியம்மா வீட்டில். "இவ்வளவு தூரம் வந்து பழைய புத்தகத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறாய்? முதலில் முருகனைப் பார்" என்று விடியவே எழுப்பி அனுப்பிவிட்டார்.

திருவிழா நாட்களில் நல்லூர் வீதியில் வாகனம் விடமாட்டார்கள். சுற்றுவீதியெங்கும் மணல் பரப்பியிருக்கிறது. ஆண்கள் ஈர வேட்டியோடு பிரதட்டை உருளுகிறார்கள், பின்னால் பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வருகிறார்கள். வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். இந்த நாட்டில் ஒரு ரூபாய்க்கு வேறென்ன கிடைக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

நான் காத்திருந்தது கட்டியத்துக்காக. சுவாமி முன்னிலையில் சமஸ்கிருதத்தில் உரத்துச் சொல்லப்படும் அந்த விருதுத் தொடரில் ஒரு பெயர் வரும்: ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு. என்னருகில் நின்றவர்கள் அரோகரா சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் சிறிசங்கபோ என்பது சிங்கள அரசர்கள் சூடிக்கொண்ட பட்டம். தெற்கே கோட்டை என்ற சிங்கள இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரயா, தமிழில் செண்பகப் பெருமாள், 1450ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டான். பிறகு கோட்டைக்குத் திரும்பி அரியணை ஏறியபோது அவன் பெயர் ஆறாம் புவனேகபாகு. நல்லூர்க் கோயிலைக் கட்டியவன் அல்லது திரும்பக் கட்டியவன் அவனே என்று ஆய்வாளர் பலர் கொள்வதற்குக் கட்டியம் முக்கியமான ஆதாரம்.

இப்போது வைபவமாலையைத் திறந்தால் அங்கே புவனேகவாகு இருக்கிறான், ஆனால் அரசனாக இல்லை. முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் (யாழ்ப்பாண அரசர்களின் பட்டம் அது) மந்திரியாக இருக்கிறான். யாழ்ப்பாண அரசைப் பாடும் இன்னொரு பழைய நூலான கைலாயமாலையோடு சேர்த்து வழங்கும் தனிப்பாடலோ சகாப்தம் 870இல், அதாவது 948இல், புவனேகவாகு யாழ்ப்பாண நகரைக் கட்டி நல்லைக் கந்தவேளுக்குக் கோயிலும் எடுத்தான் என்கிறது. சப்புமலுக்கு 500 ஆண்டு முந்திய கணக்கு. இது ஏடு பெயர்த்தவரின் கைப்பிழை என்று எண்ணைத் திருத்திப் பார்த்தவர்கள் உண்டு. புவனேகவாகுக்கள் இருவர் என்று வாதித்தவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: கட்டியத்தில் நாள்தோறும் காதில் விழும் பெயரைப் புலவரால் அழிக்க முடியாது. கோயிலைக் கட்டியவன் படையெடுத்து வந்தவன் என்று எழுதவும் மனம் வராது. மந்திரியாக்கிவிட்டால் பெயரும் நிற்கும், அரசும் நம்முடையதாகவே இருக்கும். அந்தப் படையெடுப்பின் நினைவை அவர் வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார். அங்கே 17 ஆண்டுகள் ஆள்பவன் பெயர் விசயவாகு.

இன்றுள்ள கோயில் 1734இல் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார் எடுப்பித்தது. ஒல்லாந்தர் கச்சேரியில் வேலை, பெயரில் தொன் யுவான், கட்டியது கந்தசுவாமி கோயில். 1621இல் பறங்கியர் பழைய கோயிலை இடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கோயில் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் வைபவமாலையும் எழுகிறது. இடிந்ததையெல்லாம் கட்டி எழுப்பும் அவசரம் அந்தத் தலைமுறைக்கு இருந்திருக்கிறது.

ஞாயிறு

மாவிட்டபுரம், கீரிமலை. குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி முகம் மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் கதையும் தெரியும். கேணியில் இறங்கினேன். சுவருக்கு அப்பால் அலை அடிக்கிறது, இப்பால் நன்னீர். பையன்கள் படிக்கட்டின் உச்சியிலிருந்து குதித்து என் மேல் தண்ணீர் தெறிக்க வைத்தார்கள்.

கேணிப் படியில் தலை துவட்டியபடி நான் புரட்டியது இளவரசி கதையை அல்ல, அதற்கு முன்னால் வரும் விசயன் கதையை. தெற்கின் பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில், சிங்களரின் முதல் அரசனான விசயன் இலங்கையில் கால் வைப்பது புத்தர் பரிநிர்வாணமடைந்த அதே நாளில். இவனைக் காத்தருள் என்று புத்தரே சக்கனிடம் (இந்திரனிடம்) சொல்லிவிட்டுக் கண் மூடுகிறார். தீவும் அரச குலமும் சமயமும் ஒரே நாளில் முடிச்சுப் போடப்படுகின்றன. அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த மகாநாம தேரர் 5ஆம் 6ஆம் நூற்றாண்டுகளில் போட்ட அந்த முடிச்சு இன்றும் அவிழவில்லை.

மயில்வாகனப் புலவர் அந்த விசயனை விடவில்லை. அவனும் வைபவமாலையில் வருகிறான், ஆனால் சைவனாக. திசைக்கொரு சிவாலயம் அமைக்கிறான். மேற்கே திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்கிறான், கிழக்கே எங்கள் கோணேசர் கோயில், வடக்கே இதோ இந்தக் கீரிமலைச் சாரலில் திருத்தம்பலேசுவரம். இளவரசியை மணக்கும் சிங்கமுக உக்கிரசிங்கனும் விசயனின் உடன்பிறந்தான் வழி வந்தவனே. எதிராளியின் நாயகனை மறுப்பதை விட அவனுக்குத் திருநீறு பூசிவிடுவது சுலபம் என்று புலவர் கண்டிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மறுத்திருந்தால் அது வெறும் சண்டை. இவரோ தெற்கு வைத்திருந்த பத்திரத்தையே எடுத்து, அதில் தன் பங்கையும் எழுதிக்கொண்டுவிட்டார்.

திரும்பும் வழியில் கந்தரோடை. தென்னைகளுக்கு நடுவே முருகைக்கல்லாலான சிறு சிறு பௌத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. ஆய்வாளர் பால் பீரிஸ் இங்கே தோண்டத் தொடங்கியது 1917இல். உக்கிரசிங்கனின் தலைநகரான கதிரமலை இதுதான் என்பார்கள், ஆனால் வைபவமாலையில் கதிரமலை வருகிறது, தூபிகள் வருவதில்லை. தமிழர் பௌத்தர்களாகவும் இருந்தார்கள் என்பது நம் வைபவமாலைக்கும் தேவைப்படவில்லை, தெற்கின் வம்சக் கதைகளுக்கும் தேவைப்படவில்லை. வெயில் தாங்க முடியாமல் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

திங்கள்

நயினாதீவு. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஓடுகிறது. குறிகட்டுவானில் படகுக்கு வரிசை. வெள்ளை உடுத்துத் தாமரை ஏந்திய சிங்களக் குடும்பங்களும், பட்டுச் சேலையும் நாகபூசணி அம்மனுக்கு நேர்த்திப் பொருளுமாக நம்மவர்களும் ஒரே படகில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். படகின் அடித்தளத்தில் டீசல் மணம் குடலைப் பிரட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தேசிக்காய் ஒன்றை என் கையில் திணித்தார். என்ன மொழிக்காரர் என்று கேட்கவில்லை, மணந்து பார்த்துப் பிழைத்துக்கொண்டேன்.

மகாவம்சத்தின்படி புத்தர் இலங்கைக்கு இரண்டாம் முறை வந்தது இங்கே, நாகதீபத்துக்கு. மணி ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனுமான நாக அரசர்கள் போருக்கு நின்றபோது நடுவில் வந்து சமாதானம் செய்தார். அதே கதை தமிழில் மணிமேகலையிலும் இருக்கிறது. மணிபல்லவத்துப் பீடிகைக்காக இரண்டு நாக அரசர் பொருகிறார்கள். இருவரும் "எமது ஈது" என்கிறார்கள். அப்போது வந்த பெருந்தவ முனிவன் சொல்கிறான்: "இருஞ்செரு ஒழிமின், எமது ஈது." சண்டையை நிறுத்துங்கள், இது என்னுடையது. மணிபல்லவம் இந்தத் தீவே என்று பலர் கொள்கிறார்கள். இறங்குதுறையில் ஒரு பக்கம் கோபுரமும் இன்னொரு பக்கம் விகாரையின் வெள்ளைத் தூபியும் தெரியும்போது அந்த வரியை நினைத்துச் சிரிப்பு வந்தது. சாத்தனார் காஞ்சி, புகார், மணிபல்லவம் என்று தமிழ் பௌத்தத்துக்கு நிலம் அளக்கிறார். மகாநாமர் அதே ஆசனத்தை வைத்துத் தீவு முழுவதையும் அளக்கிறார். கதை ஒன்று, அளந்து எழுதிய பரப்புதான் வேறு வேறு.

மகாவம்சத்தின் ஒவ்வொரு அதிகாரமும், நல்லோரின் மகிழ்வுக்கும் மனநெகிழ்வுக்குமாக இது இயற்றப்பட்டது என்று முடியும். ஒளிவுமறைவு இல்லை, என்ன நோக்கத்துக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டே எழுதுகிறார். அதனால்தான் 44 ஆண்டுகள் நீதியோடு ஆண்டான் என்று எல்லாளனைப் புகழவும் அவரால் முடிகிறது, அவனை வென்ற துட்டகைமுனு கொன்று குவித்ததை எண்ணி வருந்தும்போது முற்றும் துறந்த பிக்குகளான எட்டு அரகந்தர்களை அனுப்பித் தேற்றவும் முடிகிறது. செத்தவர்களில் மனிதக் கணக்கில் சேர்பவர் ஒன்றரைப் பேர்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்தவர், மற்றவர் பஞ்சசீலமும் ஏற்றவர். அரைப் பேராகக் கணக்கில் விழுந்தவர் மும்மணிகளோடு நின்றவர். மற்றவர்கள் மிருகங்களுக்குச் சமம். மகிழ்வுக்கும் நெகிழ்வுக்குமாக எழுதிய நூலில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் இது. எல்லாளன் நல்லவன் என்று ஒப்புக்கொண்ட அதே எழுத்தாணிதான் இதையும் எழுதியிருக்கிறது.

அம்மன் கோயிலில் தேடிப் போனது ஒரு கல்வெட்டை. பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் பொறித்த ஆணை. கல் உடைந்து ஒரு பகுதி இல்லை. கா. இந்திரபாலா படித்து வெளியிட்டது. பரதேசி (வெளிநாட்டு) வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிக மரக்கலம் கெட்டால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. தனக்கு யானை குதிரை மேல் பிரியம் என்பதால் இந்தச் சலுகை என்று காரணமும் சொல்கிறான்.

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இந்த அரசனைக் காவிய நாயகனாக்கிப் பல அதிகாரம் பாடுகிறது. அந்தக் காவியத்தில் இந்தப் பராக்கிரமபாகுவை, நாலில் ஒன்றா பாதியா என்று கப்பல்காரனோடு கணக்குப் பேசுபவனை, காண முடியாது. கணக்குப் பேச அவனுக்கு வேண்டியிருந்தது தமிழ், ஏனென்றால் துறையில் நின்றவர்களுக்கு விளங்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

மதியம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. மணிமேகலையின் பாத்திரத்தின் பெயரை வைத்த மண்டபத்தில், படகில் தேசிக்காய் தந்த அம்மாவும் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்.

செவ்வாய்

இன்று தூரம் போகவில்லை. காலையில் பெரியம்மா புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே என் புத்தகத்தை விசாரித்தார். கைலாயமாலையில் குடியேறியவர் பட்டியல் வருவதைச் சொன்னேன். பாண்டி மழவனைத் திருநெல்வேலியில் இருத்தினான், இன்னாரை மயிலிட்டியில் இருத்தினான் என்று ஊர் ஊராகப் போகும் பட்டியல். பெரியம்மா துருவலை நிறுத்தினார்.

"பாண்டி மழவன் எங்கள் அப்பாவின் பகுதி மோனை. அப்பப்பா அப்படித்தான் சொல்வார்."

"அப்பப்பாவுக்கு யார் சொன்னார்கள் பெரியம்மா?"

"அவருக்கு அவருடைய அப்பா."

யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட குடும்பக் கதைகள் அத்தனையிலும் அரசனோடு சிவிகையில் வந்தவர்களே இருக்கிறார்கள். சிவிகையைத் தூக்கி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒரு நூலும் சொல்வதில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொன்னதற்குப் புட்டோடு சம்பல் கிடைக்காமல் போயிற்று.

மாலை மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வாசல், யமுனா ஏரி. மந்திரிமனை என்று நாம் பார்க்கும் கட்டடம் அரசர் காலத்தது அல்ல. தூண்களிலும் வளைவுகளிலும் ஐரோப்பியக் கைவண்ணம் வெளிப்படை. பெயர் மட்டும் அரசர் காலத்துக்குப் போகிறது. முத்திரைச் சந்தியில் சங்கிலியன் குதிரை மேல் வாள் ஓங்கி நிற்கிறான். 1974இல் வைத்து 2011இல் புதுப்பித்த சிலை.

வைபவமாலையின் சங்கிலி இப்படிப்பட்டவன் அல்ல. மங்கத்தம்மாள் மகன், பட்டத்துக்கு உரிமையில்லாதவன், அண்ணனை நஞ்சூட்டிக் கொன்றவன், காக்கை வன்னியனின் துரோகத்தால் பறங்கியிடம் அகப்படுகிறவன். சரித்திரத்தில் சங்கிலிகள் இருவர். 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்றவனும் 1560இல் பறங்கிப் படையைச் சமாளித்தவனும் முதலாமவன். 1619இல் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டவன் மற்றவன். புலவர் இருவரையும் ஒருவனாக்கிவிட்டார். அரசு போனதற்கு ஒரு கொடியவனும் ஒரு துரோகியும் போதும் என்றாகிவிட்டால், அதற்குப் பிறகு பறங்கிக்கும் ஒல்லாந்தனுக்கும் முதலியார் வேலை பார்த்த குடும்பங்களைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. போதாததற்குச் சுபதிட்ட முனிவர் வேறு முன்கூட்டியே வந்து, பறங்கி வருவான், பின் ஒல்லாந்தன் வருவான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மேக்கறூன் அந்த இடத்தைப் படித்து மகிழ்ந்திருப்பார்.

முனிவர் எனக்குப் பழக்கமானவர். எங்கள் ஊர்க் கோட்டை வாசலில் இரட்டைக் கயலுக்குக் கீழே "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று கல்லில் இருப்பதும் இதே கைதான். 1622இல் கோணேசர் கோயிலைப் பறங்கி இடித்த பிறகு அந்தப் பாட்டு எவ்வளவு பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்! நம் கையாலாகாமல் போகவில்லை, விதித்தது நடந்தது.

சிலையடியில் தட்டை வடை விற்றவரிடம் இது எந்தச் சங்கிலி என்று கேட்டேன். "ஒரு சங்கிலிதானே ஐயா, எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றார்.

புதன்

பொது நூலகம். 1981இல் எரிந்து, திரும்ப எழுந்த அதே வெள்ளைக் கட்டடம். மேசையில் சூளவம்சமும் செகராசசேகரமாலையும் பக்கத்தில் பக்கத்தில்.

செகராசசேகரமாலை சோதிட நூல். அதன் சிறப்புப்பாயிரம் ஆரியச் சக்கரவர்த்திகளின் குலத்தை இராமேசுவரத்தில் இராமன் நிலைநிறுத்திய அந்தணர்களோடு சேர்க்கிறது. சூளவம்சத்தின் 90ஆம் அதிகாரமோ பாண்டியர் அனுப்பிய படைத்தலைவன் ஒருவன் சிங்கள அரசின் தலைநகரான யாப்பகுவையைச் சூறையாடி, புத்தரின் பல்லான தந்ததாதுவைத் தூக்கிப் போனதைச் சொல்கிறது. அவன் பெயர் ஆரியச் சக்கரவர்த்தி, ஆனால் ஆரியன் அல்லன் என்று போகிற போக்கில் ஒரு குத்து. ஒரே பட்டத்துக்கு ஒருவர் பிறப்புப் பத்திரம் எழுத, இன்னொருவர் அதை அடித்துவிடுகிறார். இருவருக்குமே அந்தப் பட்டம் சும்மா இல்லை என்று தெரிந்திருக்கிறது.

கல்லில் இருப்பது நம்பகம், ஏட்டில் இருப்பது கற்பனை என்று நயினாதீவில் எனக்கு ஒரு நினைப்பு வந்திருந்தது. கேகாலைப் பக்கத்துக் கோட்டகம கல்வெட்டு அதைக் கலைத்துவிட்டது: "பொங்கொலிநீர்ச் சிங்கைநகர் ஆரியனைச் சேரா அனுரேசர் தங்கள் மடமாதர் தாம்", அதாவது யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியோடு சேராத அனுராதபுரத்து அரசர்களின் பெண்கள், கண்ணீர் சிந்தினார்கள், திலகம் இழந்தார்கள் என்று வெண்பாவில் பெருமை அடிக்கும் கல். துறைமுக வரியைச் சொல்லும் கல் வேறு, வெற்றியைச் சொல்லும் கல் வேறு. இந்த இரண்டாவது கல்லும் ஏடும் ஒரே சாதி.

1344இல் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதாவுக்கு இந்தக் குலக் கதை எதுவும் வேண்டியிருக்கவில்லை. முத்துக் குவியலையும், பாரசீகம் தெரிந்த அரசனையும், பாவாத மலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) போக அவன் தந்த உதவியையும் எழுதிவிட்டுப் போகிறார்.

கடைசியாக ஒரு செய்தியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மகாவம்சத் தொடர்ச்சியைத் திரும்ப எடுத்துத் தன் காலம் வரை எழுதுவித்தவன் கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782). மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழி. மயில்வாகனப் புலவர் வைபவமாலையை முடித்துச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்தன. வடக்கே ஒல்லாந்தருக்குக் கீழ்ப்பட்ட முதலியார்களுக்கு மதுரையிலிருந்து வந்த குலம் பெருமை. கண்டியில் அதே மதுரை வழி, அரசனின் பக்கத்தில் பிக்குமார் எழுதி அடைக்க வேண்டிய ஒரு குறை. விசயனில் தொடங்கிய வரிசையின் நுனியில் அவனை உட்காரவைத்தார்கள். அவனும் பெரஹரா ஊர்வலமும் விகாரைத் திருப்பணியுமாக அந்த இடத்துக்குப் பொருந்தவே ஆண்டான்.

நூலகம் மூடும் நேரம் என்று மணி அடித்தார்கள். நாளை மன்னார் பஸ்ஸில் திருக்கேதீச்சரம். அங்கே விசயனைக் கேட்டால் ஐயர் என்ன சொல்கிறார் என்று பார்த்து எழுதுகிறேன்.